அப்ஜெக்ஷன் அண்ணனின் குறுக்கு விசாரணை

பாலாற்றின் இரு கரையிலும் கறுப்புக் கோட்டு மாட்டித் திரிகிற எங்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, ஆம்பூர் அப்ஜெக்ஷன் அண்ணனை மட்டும் இன்னொரு தட்டில் நிறுத்தினால், அவருடைய தட்டுதான் கீழே இறங்கும். இறங்குவதற்கு முன், தராசே சரியில்லை என்று அவர் ஓர் ஆட்சேபம் கிளப்பியிருப்பார் என்பது வேறு விஷயம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் ஆட்டோக்காரரிடம் "அப்ஜெக்ஷன் வக்கீல் ரூமு" என்றால் போதும், கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

சினிமா வக்கீல்கள்தான் மேசையைக் குத்தி "அப்ஜெக்ஷன்" என்று கத்துவார்கள். நிஜக் கோர்ட்டில் நாங்கள் எழுந்து, தொண்டையைச் செருமி, "ஐயா, அது வந்து..." என்று இழுப்போம். அதற்குள் கேள்வியும் பதிலும் முடிந்து சாட்சி கூண்டை விட்டு இறங்கியிருப்பார். அண்ணன் அப்படியில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மூச்சை இழுக்கும்போதே இவர் குதிகாலை உயர்த்தி நிற்பார். வலது கை விட்டத்தை நோக்கிப் போகும். "அப்ஜெக்ஷன்!" என்ற சத்தத்தில் வாசல் வேப்பமரத்துக் காக்கைகள் இடம் மாறி உட்காரும். ஒருமுறை நீதிபதியே பொறுக்க முடியாமல், "அவர் இன்னும் கேள்வியே கேக்கலையே வக்கீல் சார்" என்றார்.

"கேக்கப் போறார்ங்கய்யா. மூஞ்ச பாத்தாலே தெரியுது" என்றார் அண்ணன்.

கோர்ட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது" என்றால், "அப்ஜெக்ஷன்! எங்க இருக்குதுன்னு காட்டு" என்பார். ஒரு நண்பர் வீட்டு நிக்காஹ். மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்டார்கள். பையன் வெட்கத்தோடு வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, "இது லீடிங் கொஸ்டின்!" என்று ஒரு குரல். பதிலைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துக் கேட்கக் கூடாதாம். நல்ல வேளையாக, நிக்காஹ் நடத்திவைத்த பெரியவரே சிரித்துவிட்டார். பெண் வீட்டார் சிரிக்கச் சற்று நேரம் ஆனது. பிரியாணிப் பந்தியில் அண்ணனுக்குக் கத்திரிக்காய் கம்மியாகத்தான் விழுந்தது. அதற்கும் அவர் ஆட்சேபித்தார்.

எனக்கு அவரை இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், அவருடைய அறையின் பாதியில்தான் நான் தொழில் ஆரம்பித்தேன். ஆம்பூர் கோர்ட்டுக்கு எதிரே அறை தேடிப் போன இடமெல்லாம், "லேடி வக்கீலா? வேணாம்மா, போலீசு, கூட்டம்னு வரும், பேஜாரு" என்று கதவைச் சாத்தினார்கள். அதில் ஒரு கதவு அண்ணன் காது கேட்கச் சாத்தப்பட்டது. "அப்ஜெக்ஷன்!" என்று ஆரம்பித்தவர், அந்த வீட்டுக்காரரோடு நடுத்தெருவில் மல்லுக்கட்டினார். வீட்டுக்காரர் மசியவில்லை. அண்ணன் நேராகத் தன் அறைக்குப் போய், பீரோவை நடுவில் இழுத்துப் போட்டு, "இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். பீரோ பொதுச்சொத்து" என்றார். எனக்குக் கிடைத்த முதல் தீர்ப்பு அதுதான்.

அண்ணனைக் கட்டுப்படுத்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கௌரி அண்ணி. ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோல் சூப்பர்வைசர். லைனில் வரும் ஒவ்வொரு ஷூவையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் குட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவது அவர் வேலை. ஆரோ என்பார்கள். ஆரோ விழுந்த ஷூ ரிஜெக்ட். அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அண்ணியின் கைப்பையில் கிடக்கும். அண்ணன் சட்டைக் காலரில் அழுக்கு இருந்தால் அந்த இடத்தில் ஆரோ. ஷேவிங்கில் விட்டுப்போன இடத்தில் ஆரோ. ஒருநாள் அண்ணன் தாடையில் சிவப்பு அம்போடு கோர்ட்டுக்கு வந்து முழு வாதத்தையும் முடித்துவிட்டார். நீதிபதி கடைசிவரை அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்ஜெக்ஷன், இவர் ரிஜெக்ஷன். வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணிக்கு ஒரு பெரிய அசௌகரியம் இருந்தது. ஆரோ ஒட்டத்தான் முடியும், ஏன் ஒட்டினேன் என்று சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் அண்ணனின் கை விட்டத்தை நோக்கிப் போய்விடும்.

"என்னங்க, நாளைக்கு நம்ம பாப்பாவோட காலேஜ்ல..."

"அப்ஜெக்ஷன்! நாளைக்கு எனக்கு ட்ரையல்."

"இந்த சிலிண்டரு..."

"ஆதாரம் இல்லாம பேசாத."

அப்புறம் அந்த ஆட்டு வழக்கு. ஒரு வெள்ளாட்டுக்குப் பேரணாம்பட்டுப் பக்கத்து அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். வழக்கு முடிகிறவரை ஆட்டை யார் வைத்துக்கொள்வது என்று அடிதடி. இரண்டு பேரும் நம்புகிற ஒரே ஆள் என்று அண்ணன் தன்னைத்தானே முன்மொழிந்து, ஆட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது அவருடைய கட்சிக்காரரின் கேஸ் கட்டில் பாதியைத் தின்றது. அதற்குப் பிறகு, தம்பி கல்யாணத்துக்கு என்று அண்ணி எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையின் முந்தானையைத் தின்றது. அண்ணி விளக்குமாற்றோடு பாய்ந்தபோது அண்ணன் குறுக்கே நின்றார்.

"கை வெக்காத! அது கோர்ட்டு சொத்து. அடிச்சா கண்டெம்ப்ட்டு."

"அப்ப நான் யாரு சொத்து?" என்று அண்ணி கேட்டாராம். அண்ணன் இதையும் ஆட்சேபித்தார். கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று.

இந்த ஆட்டுக் கதையை அண்ணன் எங்களிடம் நடித்துக் காட்டும்போது பார் அசோசியேஷனே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும்தான் சிரித்தேன். அண்ணி சிரித்தாரா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் காலை, பர்தாவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஷாகிரா என்கிற பெண் அறைக்குள் வந்தார். தையல் மெஷின் ஆபரேட்டர். புருஷன் இல்லை, வீட்டில் அவர் சம்பாத்தியத்தை நம்பி மாமியாரும் பிள்ளைகளும். அண்ணி வேலை செய்கிற அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தவர். ஒரு பெரிய லாட்டு ஷூ மொத்தமும் ரிஜெக்ட் ஆனதற்கு அவருடைய மோசமான தையல்தான் காரணம் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"என்னோட கையி தப்பு பண்ணாது, வக்கீல் சாப்" என்றார் ஷாகிரா. "மெஷின்ல உக்காந்தா நானு பக்கத்துல இருக்கிறவள கூட பாக்க மாட்டேன். எனக்கு வேற இன்னாத்துக்கும் கேஸ் வேணாம். என் மெஷினு வேணும்."

அண்ணனுக்குக் கண் சிவந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்கள் வந்தால் அவருக்கு வேறொரு முகம். குதிகாலை உயர்த்துகிற வேடிக்கை மனிதர் காணாமல் போய்விடுவார். வேலூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கட்சிக்காரரிடம் வாங்கினதைவிட பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஜாஸ்தி செலவு செய்தார்.

நிர்வாகத் தரப்பில் சாட்சிப் பட்டியல் வந்தது. அந்த லாட்டை ரிஜெக்ட் செய்து கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர்தான் முதல் சாட்சி. அது கௌரி அண்ணி.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை இரண்டு தரப்பும் பிற்பாடு என்னிடம் தனித்தனியே சொன்னார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அண்ணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் பட்டியலை நீட்டினார். அண்ணி படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. அந்த லாட்டுல தையலு..." என்று ஆரம்பித்தார்.

"அப்ஜெக்ஷன்! நீ எதிர்த்தரப்பு சாட்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாட்சியைக் கலைச்சேன்னு ஆயிடும்."

"இல்லங்க, நான் சொல்ல வர்றது..."

"அப்ஜெக்ஷன்!"

அண்ணி அடுப்பை அணைத்தார். கல்லில் இருந்த தோசையைத் தட்டில் எடுத்து வைத்தார். பையை எடுத்துக்கொண்டு காட்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் அந்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று வரும் என்று உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த வாரமே அண்ணி என்னைத் தேடி வந்தார். எங்கே? அதே அறைக்கு. பீரோவுக்கு இந்தப் பக்கம்.

"அவர் மேல டைவர்ஸ் போடணும். நீதான் போடற."

"அண்ணி, அவர் மேசை அந்தப் பக்கம்தான் இருக்கு..."

"தெரியும். இப்ப கோர்ட்ல கத்திட்டிருக்கார். கேக்குது பாரு." உண்மைதான், ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

"வேற யாராவது நல்ல வக்கீலா பாருங்க அண்ணி. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

"ஊர்ல இருக்கிற மத்த வக்கீலெல்லாம் அந்த ஆட்டுக் கதைக்குச் சிரிச்சவங்க" என்றார் அண்ணி. நானும் சிரித்தவள்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். "சொல்லுங்க" என்றேன். வெகுநேரம் சொன்னார். குரல் உயரவே இல்லை. இடையில் ஒரு தடவை நிறுத்தி, நான் ஏதாவது குறுக்கே பேசப்போகிறேனா என்று பார்த்தார். பேசவில்லை என்றதும் மறுபடி சொன்னார்.

வேலூர் குடும்பநல நீதிமன்றத்தில் மனு தாக்கலானது. அண்ணனுக்கு நகல் போயிற்று. மறுநாள் பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நகலோடு எழுந்து வந்தார். அடிக்காத குறையாகத் திட்டப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன்.

"என்னாம்மா இது? இதுக்குப் பேரு டிராஃப்டிங்கா?"

"அண்ணா..."

"'எதிர்மனுதாரர் மனுதாரரைப் பலவகையிலும் மனவேதனைக்கு உள்ளாக்கினார்.' இப்டி மொட்டையா எழுதினா எந்த ஜட்ஜும்மா ஒத்துக்குவாரு? சம்பவம் வேணும், சம்பவம். ஆடு எங்க? ஆட்டைக் காணோமே! முந்தானை தின்னது எவ்ளோ பெரிய பாயிண்ட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்து, தன் மேலேயே போடப்பட்ட மனுவைத் திருத்த ஆரம்பித்தார். ஒரு வக்கீலின் தொழில் கௌரவம் எங்கே போய் முட்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் நான் பார்க்கவில்லை.

"எழுது. தம்பி கல்யாணத்துல பழைய புடவையோட நின்னா. போடு. பாப்பா காலேஜ்ல சேர்ற அன்னிக்கு நான் வரேன்னுட்டு வரல, ஜோலார்பேட்டைல ஒரு பார்ட்டி வந்துட்டான். போடு." வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் மெதுவானார். "அவங்கப்பா செத்தப்ப எனக்கு ஆர்க்யுமென்ட் இருந்துது. வாய்தா கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. பாடிய எடுக்கும்போதுதான் போய்ச் சேந்தேன். அவ ஒண்ணும் சொல்லல." பேனா நின்றுவிட்டது. "அதையும்... போடும்மா."

பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"ஒரு கம்பெனில ஆள தூக்கணும்னாகூட முன்னாடி ஒரு நோட்டீஸ் குடுத்து விசாரிக்கணும்மா. இவ நேரா டிஸ்மிஸ் பண்ணிட்டாளே" என்று முணுமுணுத்தார். பிறகு அவரே, "இந்த மனுவ எதிர்த்து நானே ஆஜரானாலும் தோத்துடுவேன்" என்றார். எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க பீரோவுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு வேலையே ஓடவில்லை.

ஷாகிராவின் வழக்கு விசாரணைக்கு வந்த நாள். அண்ணிக்குத் துணையாக நான் வேலூருக்குப் போனேன். கோர்ட்டில் உட்கார இடமில்லை. ஆம்பூரிலிருந்தே பத்துப் பதினைந்து வக்கீல்கள், தங்களுக்கு வேலூரில் ஏதோ முக்கிய வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்ஜெக்ஷன் தன் வீட்டுக்காரம்மாவைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்காமல் விடுவார்களா?

கம்பெனி மேனேஜரும் தெம்பாகத்தான் இருந்தார். விவாகரத்து கேட்டிருக்கிற பெண் புருஷனைக் கூண்டில் ஏறிக் கிழிக்காமல் விடமாட்டாள் என்பது அவர் கணக்கு. அவருடைய வக்கீல் அண்ணியிடம் கேட்டது இரண்டே கேள்விகள். அந்த லாட்டை ரிஜெக்ட் செய்தது நீங்கள்தானா? இது உங்கள் கையெழுத்துதானா? இரண்டுக்கும் ஆமாம் என்றார் அண்ணி. வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

அண்ணன் எழுந்தார். கோட்டில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். கை தன்னையறியாமல் கைப்பையைத் தேடிப் போய் நின்றதை நான் பார்த்தேன்.

"உங்க பேரு?"

"கௌரி."

"கணவர் பேரு?"

"எதிர்ல நிக்கிறாரு."

நீதிபதி, "பேரைச் சொல்லணும்மா" என்றார்.

"ஊர்ல எல்லாரும் அப்ஜெக்ஷன்னுதான் சொல்றாங்க, ஐயா."

கோர்ட் சிரித்து அடங்கியதும் நிர்வாக வக்கீல் எழுந்தார். "ஐயா, சாட்சி இவருடைய மனைவி. கணவன் மனைவிக்குள்ளே பேசிக்கொண்டதைக் கோர்ட்டில் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது."

"அந்தக் கவலையே வேணாங்கய்யா" என்றார் அண்ணன். "எங்களுக்குள்ள பேச்சே இருந்ததில்ல. நாந்தான் பேசிட்டிருந்தேன்."

இந்த முறை சிரிப்பு அவ்வளவாக வரவில்லை. அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

குறுக்கு விசாரணைக்கு எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. கேட்டால் வழக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும். அண்ணனுக்குப் பதில் தெரியாது. தோசைக்கல் முன்னால் அண்ணி சொல்ல வந்ததை அவர்தான் சொல்லவிடவில்லையே. அண்ணி, தையல்தான் மோசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஷாகிராவின் கதை முடிந்தது. பின்வரிசையில் அவர் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மேசையில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து ரிஜெக்ட் ஆன ஷூ ஒன்றை எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"இதை எதுக்காக ரிஜெக்ட் பண்ணீங்க?"

அண்ணி ஷூவைத் திருப்பினார். வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த ஆரோ ஒட்டினது நாந்தான். இது எங்க பாத்து நிக்குதுன்னு..."

"அப்ஜெக்ஷன்!" என்று நிர்வாக வக்கீல் துள்ளி எழுந்தார்.

கோர்ட்டில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். இந்தச் சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டால் அவருக்குப் பொறாமை வரும் என்று நினைத்தோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பின்பக்கமாகக் காட்டி, "சார், உக்காருங்க. அவங்க பேசி முடிக்கட்டும்" என்றார்.

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை எதிர்பார்த்து, அப்புறம் எதிர்பார்ப்பதையே விட்டுவிட்ட முகம். பிறகு பேசினார்.

"தையல் நேராத்தான் இருக்குது. நூலு பிரியல. தோலுதான் காய்ஞ்ச தோலு. ஊசி எறங்குனா ஓட்டைக்கு ஓட்டை கிழியும். ஷாகிரா தெச்சாலும் கிழியும், நான் தெச்சாலும் கிழியும். ஆரோ காட்டறது தோல, தையல இல்ல. இந்தத் தோலு மெஷினுக்கே வரக் கூடாதுன்னு மேனேஜர் கிட்ட அன்னிக்கே சொன்னேன். ரிப்போர்ட்ல தோலுன்னுதான் எழுதினேன். ஆபீஸ்ல தையல்னு மாத்திட்டாங்க."

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். நீதிபதி ஷூவை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, அம்புக்குறி காட்டும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார் அண்ணன்.

"அப்புறம் இன்னா? அவ்ளோதான்."

"இன்னும் ஏதாச்சும்..."

நீதிபதி குறுக்கிட்டார். "வக்கீல் சார், வேற கேள்வி இருக்கா இல்லையா?"

"கேள்வி இல்லைங்கய்யா. அவங்களுக்கு இன்னும் ஏதாச்சும் சொல்லணுமான்னு கேக்கறேன்."

"இருக்குது" என்றார் அண்ணி. "நெறைய இருக்குது. ஆனா அது இந்தக் கோர்ட்ல இல்ல."

ஷாகிராவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று ஒரு டப்பா நிறைய மக்கன் பேடா ஸ்வீட்டோடு வந்தார். அண்ணன் ஆவலோடு கையை நீட்டினார். ஷாகிரா அவரைத் தாண்டி என்னிடம் வந்து, "இது மேடத்துக்கு. காட்பாடில குடுத்துடுங்க" என்றார். "கேஸ ஜெயிச்சது மேடம்தான். சாப் சும்மா நின்னுட்டிருந்தாங்க."

"அப்..." என்று ஆரம்பித்த அண்ணன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணியைத்தான் அந்த உண்மை லேசில் விடவில்லை. கூண்டில் நின்று சொன்னதற்காக அவரை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஷூவே வராத ஒரு குடோனுக்கு மாற்றி, காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு ராஜினாமா செய்துவிட்டு ராணிப்பேட்டைப் பக்கத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். காட்பாடியிலிருந்து போய்வர வசதி. ஆம்பூருக்குத் திரும்பி வர இருந்த ஒரே சாக்கும் போயிற்று என்று நான் நினைத்தேன்.

குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர் முன்னால் உட்கார வைத்தார்கள். அண்ணன் தன் கட்சியைச் சொன்னார். ஆத்திரத்தில் தன்னை விட்டுப் போனாள், முன்கூட்டி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை என்று.

"நோட்டீஸ் கல்யாணமான நாள்லேர்ந்து குடுத்துட்டுதான் இருக்கேன் மேடம்" என்றார் அண்ணி ஆலோசகரிடம். "இவரு வாங்கல."

"சரி, இப்பச் சொல்லுங்கம்மா" என்றார் ஆலோசகர்.

அண்ணி சொன்னார். வெள்ளைத் தாளில் நான் எழுதியது, எழுதாமல் விட்டது, எனக்குத் தெரியாதது எல்லாம். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கட்டத்தில் அவருடைய வலது கை லேசாக மேலே எழும்பியது. அந்தக் கை மேசைக்குப் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அண்ணியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

அதற்காக அண்ணி அன்றே அவர் பின்னால் போய்விடவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் ஆம்பூர் வீட்டைக் காலி செய்தார். காட்பாடியில் அண்ணியின் தங்கை வீட்டுத் தெருவிலேயே ஒரு மாடி போர்ஷன் பிடித்துக்கொண்டு, தினமும் ரயிலில் ஆம்பூருக்கு வந்துபோக ஆரம்பித்தார். சாயங்காலம் ஏழு மணி வண்டியில் இறங்கி, தங்கை வீட்டு வாசலில் போய் நிற்பார். அண்ணி வெளியே வந்து, அன்றைக்கு ஃபேக்டரியில் என்ன நடந்தது என்று சொல்வார். இவர் கேட்பார். முதலில் வாசற்படியில் நின்று கேட்டார். சில வாரம் கழித்து உள்ளே நாற்காலி கிடைத்தது. அப்புறம் காபி. "நேத்து தோசை குடுத்தாம்மா" என்று ஒருநாள் காலை பீரோவைச் சுற்றி வந்து என்னிடம் சொன்னபோது, ஹைகோர்ட்டில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அண்ணி எனக்குப் போன் செய்தார். "அந்த மனுவ வாபஸ் வாங்கிடு."

"உறுதியா அண்ணி?"

"உறுதிலாம் இல்ல. பழைய ஆளு ரிஜெக்ட்தான். ரிப்பேர் பண்ணி அனுப்பியிருக்காங்க, பாக்கறேன்."

என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்தக் கட்சிக்காரரையும் இழந்ததில்லை.

போன வருஷம் எனக்கு வேலூரில் ஓர் ஆபரேஷன். பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். பயமில்லாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். என்னுடைய அத்தனை வழக்குகளிலும் அண்ணன் ஆஜரானார். ஒன்றில்கூட வாய்தா வாங்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் அண்ணி ரசஞ்சாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினார். அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். நான் வலியைப் பற்றி, பயத்தைப் பற்றி, வேறு யாரிடமும் சொல்லாத எதை எதையோ பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கண் விழித்தபோது அவரும் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்தார். அவரை எழுப்பப் போனவரை நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"யாருங்க இவரு?" என்றார் நர்ஸ்.

"எங்க அண்ணன்" என்றேன். "தூங்கட்டும்."